படகை விற்று இறால் குட்டை எடுக்கலாமா?

பட்டினப்பாக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அப்பாவுக்கு ஒரு ஃபைபர் படகு, பெரும்பாலும் வஞ்சிர வலைதான். மூன்று ஆண்டுகளாக வருமானம் இறங்கிக்கொண்டே வருகிறது. கடல் சூடேறுகிறது, மீன் ஆழத்துக்குப் போய்விட்டது என்று எல்லோரும் சொல்கிறார்கள். திருப்போரூர்ப் பக்கம் உறவினர் ஒருவர் இரண்டு ஏக்கர் குட்டையைக் குத்தகைக்குத் தருவதாகச் சொல்கிறார். படகை விற்று, அந்தப் பணத்தில் வெனாமி இறால் போட்டுவிடலாமா? இனிமேல் மீன் பிடிப்பதைவிட வளர்ப்பதுதான் பாதுகாப்பா?

தம்பி, மீன்வள விரிவாக்கப் பணியில் காசிமேடு முதல் கோவளம் வரை கரையோரமாகவே என் காலம் போனது. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: படகை விற்காதீர்கள். குட்டை எடுக்கலாம், ஆனால் படகை நம்பியிருக்கும் வீடு முழுவதையும் அதில் இறக்கிவிடாதீர்கள். கடலைக் கெடுக்கிற அதே வெயிலும் மழையும் குட்டையையும் கெடுக்கின்றன. கடலில் அப்படிக் கெட்டால் மீன் வேறிடம் போய்விடும். குட்டையில் இறாலுக்குப் போக இடமில்லை.

முதலில் கடலில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். வெப்பமண்டல இந்தியப் பெருங்கடலின் மேற்பரப்பு 1951-க்கும் 2015-க்கும் இடையில் சராசரியாக 1 டிகிரி செல்சியஸ் சூடேறியிருக்கிறது. ஒரு டிகிரிதானே என்று தோன்றும். ஆனால் வங்கக் கடல் ஏற்கெனவே சூடான கடல். கங்கை, மகாநதி, கோதாவரி என்று பெரிய ஆறுகளின் நன்னீரும் மழைநீரும் மேலே வந்து படர்கின்றன. சூடான, உப்புக் குறைந்த நீர் மேலே நிற்கிறது; குளிர்ந்த, உப்பு மிகுந்த நீர் கீழே கிடக்கிறது. கலக்காமல் வைத்த ரசத்தில் தெளிவு மேலேயும் மண்டி கீழேயும் நிற்குமே, அப்படி. நுண்பாசிக்கு வேண்டிய சத்து மண்டியில் இருக்கிறது. கரண்டி போட்டுக் கலக்கினால்தான் அது மேலே வரும். கேரளக் கரையில் தென்மேற்குப் பருவக்காற்று அந்த வேலையைப் பலமாகச் செய்கிறது. நம் பக்கத்தில் கலக்கல் குறைவு. மேல்நீர் இன்னும் சூடேறினால் அடுக்குகள் இன்னும் இறுகும். பாசி குறைந்தால் நெத்திலியும் கவலையும் குறையும், அவற்றைத் துரத்தி வரும் வஞ்சிரமும் குறையும். உங்கள் அப்பாவின் வலை காலியாக வருவதற்குப் பின்னால் இதுவும் ஒரு காரணம். இது மட்டுமே காரணம் என்று சொல்லிவிட்டு, கண்மூடித்தனமான இழுவலையை மறந்துவிடவும் கூடாது. இரண்டும் சேர்ந்துதான் அடிக்கின்றன.

மீன்கள் சும்மா இருந்து சாவதில்லை. சென்னைக் கடலிலேயே இதற்கு நல்ல சான்று உண்டு. நாம் சங்கரா என்று வாங்கும் மீனை மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் நெடுநாள் கவனித்தார்கள். 1980-களின் தொடக்கத்தில், சினை மீன்களில் கணிசமான பங்கு ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையான வெப்ப மாதங்களில் கிடைத்தது. 2000-களின் தொடக்கத்தில் அந்தப் பங்கு வெகுவாகச் சுருங்கி, ஏறக்குறைய எல்லாமே அக்டோபர் முதல் மார்ச் வரையான குளிர்ந்த மாதங்களுக்கு நகர்ந்துவிட்டது. ஏறத்தாழ 28 டிகிரிக்கு மேல் நீர் சூடானால் முட்டையிட விருப்பமில்லை, அதனால் பிரசவ காலத்தையே மாற்றிக்கொண்டது. ஒரு மார்கழிக் காலையில் காசிமேட்டில், ஏலம் முடிந்து மீன் வெட்டிக்கொண்டிருந்த ஓர் அம்மாவின் அருகில் உட்கார்ந்திருந்தேன். பத்துச் சங்கராவை வகுந்தார்; ஏழில் மஞ்சள் சினை நிறைந்திருந்தது. கத்தி நுனியால் அதை ஒதுக்கி வைத்துவிட்டு, "முன்னெல்லாம் இந்த மாதத்தில் இவ்வளவு சினை பார்த்ததில்லை" என்றார். ஆய்வேட்டைப் படிக்காதவர் அவர்.

இதில் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. நம் கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. முன்பு 45 நாளாக இருந்தது, இப்போது 61 நாள். மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் காலத்தில் கடலுக்கு ஓய்வு தருவதுதான் நோக்கம், நல்ல நோக்கம்தான். ஆனால் சங்கராவைப் போல இன்னும் சில மீன்கள் மாதத்தை மாற்றிக்கொண்டால், நாட்காட்டி ஒரு பக்கமும் சினை இன்னொரு பக்கமும் நிற்கும். தடைக்காலத்தை எடுத்துவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அது இல்லாத கடலை நினைத்தாலே அச்சமாக இருக்கிறது. எந்த மீன் எந்த மாதத்தில் சினை பிடிக்கிறது என்று ஒவ்வொரு துறைமுகத்திலும் ஆண்டுதோறும் பார்த்து, குளிர் மாதங்களிலும் சில இடங்களுக்கு, சில வலைகளுக்குச் சிறிய ஓய்வு தர வேண்டும். வலைக் கண்ணியின் அளவைக் கண்டிப்பாகப் பார்க்க வேண்டும். விரல் நீளச் சங்கராவைக் கோழித் தீவனத்துக்கும் மீன் தீவனத்துக்கும் அள்ளிக் கொடுப்பதை நிறுத்தாமல், பருவநிலைக்கு ஏற்ற மீன்பிடிப்பு என்று பேசுவதில் பொருளில்லை.

மத்தி என்றும் சொல்லும் நெய்ச்சாளையின் கதை வேறு. மலபார்க் கரையின் மீன் அது. 1980-களுக்குப் பிறகுதான் நம் கிழக்குக் கரையிலும் கணிசமாகக் கிடைக்கத் தொடங்கியது. அதே மீன் கேரளத்தில் 2012-இல் ஏறத்தாழ 4 லட்சம் டன் கிடைத்தது. 2021-இல் 3,500 டன்கூடத் தேறவில்லை. பத்தே ஆண்டுக்குள் இவ்வளவு சரிவு. அந்த ஒரு மீனை நம்பி வலையும் வள்ளமும் வாங்கியவர்கள் எப்படித் தவித்திருப்பார்கள்!

இதிலிருந்து உங்களுக்கு நேரடியாக ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் தாத்தாவின் வீட்டில் எத்தனை வகை வலை இருந்தது என்று அப்பாவிடம் கேட்டுப் பாருங்கள். கவலைக்கு ஒன்று, நண்டுக்கு ஒன்று, இறாலுக்கு ஒன்று, வஞ்சிரத்துக்கு ஒன்று, போதாததற்குத் தூண்டில். எந்த மாதம் எது ஓடுமோ அதைப் போட்டார்கள். எஞ்சின் வந்து, நல்ல விலை தரும் ஒரே மீனைத் துரத்தத் தொடங்கியதும் அந்தப் பன்மை போய்விட்டது. கடல் மாறிக்கொண்டிருக்கும் காலத்தில் வலை மாற்றத் தெரிந்தவனுக்குத்தான் பிழைப்பு. ஒரு படகுக்கு இரண்டு மூன்று வகை வலை என்பது பெரிய முதலீடும் அல்ல. குட்டைக்குப் போடும் தீவனச் செலவில் சிறு பகுதிதான். சென்னைக்காரர்களாகிய எங்களுக்கும் இதில் பொறுப்பு உண்டு. வஞ்சிரமும் வவ்வாலும் தவிர வேறு மீனே தெரியாததுபோல் சந்தையில் நடந்துகொள்கிறோம். காரப்பொடியும் கிழங்கானும் கானாங்கத்தையும் வாங்கிச் சமைக்கும் வீடுகள் பெருகினால், எந்த மீன் வந்தாலும் கரையில் விலை இருக்கும்.

காற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஊரூர் குப்பத்தில் வயதான ஒருவர், கடலில் இறக்கிய கயிறு எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்துவிட்டு "வன்னி ஓடுகிறது, நாளைக்கு இந்த வலை வேண்டாம்" என்று சொன்னதைப் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறேன். வடக்கிலிருந்து தெற்கே ஓடும் நீரோட்டம் வன்னி, தெற்கிலிருந்து வடக்கே ஓடுவது தெண்டி. எது ஓடினால் எந்த மீன் கடலடியில் எந்தப் பாரில், அதாவது பாறைத் திட்டில், ஒதுங்கும் என்பது அவர் மனத்தில் வரைபடமாக இருக்கிறது. இப்போது அவரே, "காற்று சொன்ன நாளில் வருவதில்லை" என்று வருந்துகிறார். அதற்காக அந்த அறிவைத் தூக்கிப் போட்டுவிடக் கூடாது. ஹைதராபாதிலுள்ள இன்காய்ஸ் நிறுவனம், செயற்கைக்கோள் காட்டும் கடல்நீர் வெப்பத்தையும் பாசியின் பச்சையத்தையும் வைத்து, மீன் கூடக்கூடிய இடங்களை அறிவிக்கிறது. அலை உயரத்தையும் காற்றின் வேகத்தையும் முன்கூட்டியே சொல்கிறது. சென்னையிலுள்ள எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இந்தத் தகவல்களை மீனவர் கைப்பேசிக்குத் தமிழிலேயே கொண்டுவரும் செயலியை உருவாக்கியிருக்கிறது. பெரியவரின் கயிற்றையும் கைப்பேசியையும் சேர்த்துப் பார்ப்பவர் வீணாக டீசல் எரிக்க மாட்டார். மீனைத் தேடி அலையும் மைல்கள் குறைவதுதான் உங்கள் பைக்கும் நல்லது, காற்றுக்கும் நல்லது.

உயிர் விஷயத்தில் மட்டும் எந்தச் சமரசமும் வேண்டாம். 2017-இல் ஒக்கிப் புயல் வந்தபோது, எச்சரிக்கை கரையில் ஒலித்த நேரத்தில் ஆழ்கடலில் இருந்தவர்களுக்கு அது எட்டவேயில்லை. குமரிக் கரையில் எத்தனை வீடுகள் அதனால் இருண்டன. வங்கக் கடல் புயல்கள் வேகமாக வலுப்பெறும் காலம் இது. உங்கள் படகில் கரையோடு பேசும் வி.எச்.எஃப். வானொலிக் கருவியும் உயிர்காப்பு உடையும் இல்லையென்றால், குட்டை பற்றிய யோசனையை ஒதுக்கிவிட்டு இன்றைக்கு அதை வாங்குங்கள்.

இப்போது எனக்கு மிகவும் நெருக்கமான விஷயத்துக்கு வருகிறேன். மீன்வளமும் பருவநிலையும் என்றதும் எல்லோரும் ஆழ்கடலைப் பார்க்கிறார்கள். நான் எண்ணூரையும் பழவேற்காட்டையும் அடையாற்று முகத்தையும் பார்க்கச் சொல்கிறேன். கடலில் பிடிபடும் இறாலிலும் மடவையிலும் கொடுவாவிலும் பெரும்பகுதி, குஞ்சுப் பருவத்தைக் கழிமுகத்தின் சேற்றிலும் அலையாத்தி வேர்களுக்கு இடையிலும் கழிக்கிறது. சூடேறும் கடலில் குஞ்சுகள் பிழைக்கும் வாய்ப்பு குறையக் குறைய, இந்தத் தொட்டில் இன்னும் நன்றாக இருக்க வேண்டும். நாமோ எண்ணூர்க் கழிமுகத்தில் சாம்பலைக் கொட்டினோம், அனல்மின் நிலையங்களின் சுடுநீரை விட்டோம், கரையை மண்ணடித்து மேடாக்கினோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெயும் வந்து, வலைகளும் படகுகளும் கறுத்துப்போயின. போதாததற்குக் காக்கா ஆழி. தென் அமெரிக்கப் பக்கத்திலிருந்து கப்பல்களோடு வந்திருக்கக்கூடிய இந்த அந்நியச் சிப்பி, சேற்றின் மேல் கம்பளம் விரித்ததுபோல் அடர்ந்து படிந்துவிட்டது. இறால் புதைந்து ஒளியச் சேறு வேண்டும். அங்கே இப்போது சிப்பி ஓடுகளின் பரப்புதான் இருக்கிறது. பறிக்கூடையை வாயில் கவ்விக்கொண்டு கையாலேயே இறால் தடவிப் பிடிக்கும் இருளர் பெண் ஒருவர் என்னிடம் உள்ளங்கையை நீட்டிக் காட்டினார். ரேகை தெரியாத அளவுக்குக் குறுக்கும் நெடுக்குமாகக் கீறல்கள். "தடவினால் கிழிக்கிறது, தடவாவிட்டால் சோறில்லை" என்றார். அந்தக் கையை என்னால் மறக்க முடியவில்லை.

கழிமுகத்தை மீட்பதும் பருவநிலைக்கான மீன்வளத் திட்டம்தான். சிப்பியை அகற்றுவது, முகத்துவாரத்தில் மணல் அடைக்காமல் பார்ப்பது, அலையாத்தி நடுவது, மழைவெள்ளம் பரவ இடம் விடுவது. புதிய துறைமுகத்துக்குச் செலவாகும் பணத்தோடு ஒப்பிட்டால் இவை சிறிய செலவுகள். யார் எந்த இடத்தில் என்றைக்கு வலை கட்டுவது என்று முறைவைத்துப் பகிரும் பாடு முறை பழவேற்காட்டில் நெடுங்காலமாக இருக்கிறது. குறைந்துபோன வளத்தைச் சண்டையில்லாமல் பங்கிடுவதற்கு அதைவிட நல்ல அடித்தளம் வெளியிலிருந்து வராது. அதில் இடம் கிடைக்காத இருளர் போன்றோரையும் சேர்த்துக்கொள்வது ஊர்ப் பஞ்சாயத்துகளின் கடமை.

கரையைப் பற்றி இரண்டே வரி. சென்னைத் துறைமுகம் கட்டியபின் தெற்கே மெரினாவில் மணல் சேர்ந்தது, வடக்கே ராயபுரம் முதல் எண்ணூர் வரை கடல் தின்றது. கடல் மட்டமும் உயர்ந்துவருகிறது. கடலுக்குள் நீளும்படி கல் கொட்டிக் கட்டும் தூண்டில் வளைவு ஒரு குப்பத்தைக் காத்தால் அடுத்த குப்பத்தின் மணலைப் பறிக்கிறது என்பதைக் கண்ணால் பார்த்துவிட்டோம், ஆகவே ஒவ்வொரு குப்பத்துக்கும் தனித்தனியாகக் கல் கொட்டுவதை விட்டு, கரை முழுவதையும் ஒன்றாகப் பார்க்க வேண்டும்.

இனி உங்கள் குட்டைக்கு வருகிறேன். ஒரு கார்த்திகை மாத அதிகாலை, நாலரை மணி. இரவெல்லாம் மழை. திருப்போரூர் வட்டாரத்தில் ஒரு பண்ணையின் கரையில் டார்ச் விளக்கோடு நின்றேன். இறால்கள் ஓரத்தில் வரிசையாக ஒதுங்கி, மீசையை நீர்மட்டத்துக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தன. மின்சாரம் போய், நீருக்குக் காற்றூட்டும் ஏரேட்டர் நின்றிருந்தது. ஜெனரேட்டருக்கு டீசல் வாங்கப் போனவர் தண்ணீர் தேங்கிய சாலையில் மாட்டிக்கொண்டார். மீட்டரை இறக்கினேன்: ஆக்சிஜன் லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்கும் கீழே. பண்ணைக்காரரும் மனைவியும் இடுப்பளவு நீரில் இறங்கித் துடுப்பால் அடித்தார்கள். விடிந்தபோது பாதி இறால் மிதந்தது. தொண்ணூறு நாள் உழைப்பு.

அன்றைக்கு நடந்ததன் காரணம், மேலே சொன்ன ரசம்தான். மழைநீர் உப்புநீரின் மேல் தனி அடுக்காக நின்றுவிட்டது. கீழே இருந்த நீருக்குக் காற்று கிடைக்கவில்லை. மேகமூட்டத்தால் பகலில் பாசியும் ஆக்சிஜன் தரவில்லை. வங்கக் கடலில் ஆண்டுக்கணக்கில் நடப்பது குட்டையில் ஓர் இரவில் நடக்கிறது. கோடையில் வேறு வகை ஆபத்து. 25 டிகிரியில் நன்னீர் லிட்டருக்கு ஏறத்தாழ 8.3 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும். 32 டிகிரியில் 7.3 தான், உப்புநீரில் இன்னும் குறைவு. சூட்டில் இறாலுக்கு ஆக்சிஜன் தேவை கூடும், நீரிலோ இருப்பு குறையும். உப்பும் வெப்பமும் சட்டென்று மாறினால் இறாலின் எதிர்ப்பு சக்தி தளர்ந்து நோய் பிடிக்கும். 1994-95-இல் வெள்ளைப்புள்ளி நோய் நம் கிழக்குக் கரைப் பண்ணைகளைத் துடைத்துப்போட்டது இன்னும் பலருக்கு நினைவிருக்கும். அந்தக் காலப் பண்ணைகள் விளைநிலத்தையும் குடிநீரையும் உப்பாக்கியதால் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1996-இல் கடுமையான தீர்ப்பு வந்தது. 2005-இல் அமைந்த கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையத்தில் பதிவு செய்யாமல் இன்றைக்கு உவர்நீர்ப் பண்ணை நடத்தக் கூடாது. அதன் அலுவலகம் சென்னையில்தான் இருக்கிறது. குத்தகைப் பேச்சில் முதலில் கேட்க வேண்டியது அந்தப் பதிவைத்தான்.

இத்தனைக்குப் பிறகும் இறால்தான் வேண்டும் என்றால், இரண்டு ஏக்கரிலும் போடாதீர்கள். ஓர் ஏக்கரை வளர்ப்புக்கும், மீதியில் ஒரு பகுதியை நீர் சேமித்துத் தெளிய வைக்கும் குட்டையாகவும் வையுங்கள். மாசியில் குஞ்சு விட்டு ஆனிக்குள் பிடித்துவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் குட்டை காய்ந்து கிடக்கட்டும். ஆசை காட்டும் விலை வந்தாலும் போடாதீர்கள். குஞ்சுகளை அடர்த்தி குறைவாக விடுங்கள். மழை பெய்தால் மேல்நீர் மட்டும் வழிந்து போகும்படி மதகு வையுங்கள், கரையில் சுண்ணாம்பு தூவுங்கள், மழை நேரத்தில் தீவனத்தைக் குறையுங்கள். இறால் தின்கிறதா என்று பார்க்கக் குட்டையில் இறக்கும் செக் டிரே தட்டில் தீவனம் மிஞ்சியிருந்தால் அன்றைக்கே ஏதோ கோளாறு என்று பொருள்.

என் விருப்பத்தைக் கேட்டால், கொடுவாவும் பால் கெண்டையும். சாந்தோமில் தலைமையகம் கொண்ட மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம், முட்டுக்காடு நிலையத்தில் 1997-இல் கொடுவாவையும் 2015-இல் பால் கெண்டையையும் செயற்கை முறையில் குஞ்சு பொரிக்கச் செய்தது. இரண்டுமே உப்பு ஏறினாலும் இறங்கினாலும் தாங்கும் மீன்கள். மழை கொட்டி உப்பு பாதியானால் வெனாமி திணறும். பால் கெண்டை பொருட்படுத்தாது. அது பாசி தின்பது, ஆகவே மீன்தூள் அதிகம் வேண்டாம். இது எனக்கு முக்கியம். கடலில் சிறு மீனை அள்ளித் தீவனமாக்கி, குட்டையில் வளர்த்து, கடலைக் காப்பாற்றினோம் என்று சொல்லிக்கொள்ள முடியாது. கொடுவாவுக்கு நல்ல விலை உண்டு. ஆனால் பெரியது சிறியதைத் தின்னும், அளவு வாரியாகப் பிரித்துக்கொண்டே இருக்க வேண்டும். மண்டபம் பக்கம் கூண்டில் கடல்விராலும் சுற்றிலும் கடற்பாசியும் சேர்த்து வளர்க்கிறார்கள், மீனின் கழிவே பாசிக்கு உரம். அருமையான முறை, ஆனால் நம் சென்னைக் கடலின் அலைக்கு அப்படியே பொருந்தும் என்று நான் சொல்ல மாட்டேன்.

உங்கள் வீட்டில் விற்பனைக்குப் போவது அம்மாவாகத்தான் இருக்கும். படகில் ஒரு நல்ல ஐஸ் பெட்டி, அம்மாவிடம் இன்னொன்று. நம் வெயிலுக்கு ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ் வேண்டும். பிடித்த மீனில் கெட்டுப்போகும் பங்கைக் குறைப்பது, புதிதாக ஒரு மீனும் பிடிக்காமல் வருமானத்தைக் கூட்டுவது. இத்தனை யோசனைகளிலும் மலிவானது இதுதான், இதைத்தான் யாரும் கேட்பதில்லை.

குத்தகைக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் ஒன்று செய்யுங்கள். வரும் ஐப்பசியில், விடாமல் மழை பெய்யும் ஓர் இரவில், அந்த உறவினரின் பண்ணைக்கோ பக்கத்துப் பண்ணைக்கோ போய், விடியும்வரை அவர்களோடு கரையில் இருங்கள். ஏரேட்டர் எத்தனை முறை நிற்கிறது, ஜெனரேட்டர் இருக்கிறதா, மழைநீர் எந்தப் பக்கம் வழிகிறது, நாலு மணிக்கு இறால் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். அப்பாவையும் அழைத்துச் செல்லுங்கள். தண்ணீரைப் பார்த்தே பாதியைச் சொல்லிவிடுவார்.